வாய் திறந்த படம்

பரந்தனிலிருந்து கிளிநொச்சிக்குப் போகும் பஸ்ஸில் யன்னல் ஓரத்தில் இடம் கிடைத்தால் மற்றவர்களுக்குச் சந்தோசம். எனக்கு அது தொல்லை. வெளியே பார்க்காமல் இருக்க முடியாது. பார்த்தால் வாசிக்காமல் இருக்க முடியாது. வாசித்தால் மனதுக்குள் திருத்தாமல் இருக்க முடியாது. மதிலில், மின்கம்பத்தில், பூட்டிக் கிடக்கும் கடைக் கதவில் ஒட்டியிருக்கும் ஒவ்வொரு சுவரொட்டியையும் என் கண் பிரித்துப் போட்டுவிடும். இந்த எழுத்தை இன்னும் கொஞ்சம் மேலே ஏற்றியிருக்கலாம். அந்த முகத்தில் ஏன் இவ்வளவு வெளிச்சம்? பாட்டுக்காரரின் பெயரை யார் கொண்டுபோய் பணம் போட்ட அனுசரணையாளரின் காலடியில் வைத்தது? அதற்குள் பஸ் நகர்ந்துவிடும். நான் பாதித் திருத்தத்தோடு அந்தரப்பட்டுக்கொண்டு இருப்பேன்.

வேலையை விட்டு முரசுமோட்டை வீட்டில் இருக்கத் தொடங்கினால் இது குறையும் என்று நினைத்தேன். கூடிப்போய்த்தான் இருக்கிறது.

அச்சகத்தில் என் கதிரையில் இப்போது இருப்பவர் நிலானி. கெட்டிக்காரி, வாயும் கொஞ்சம் கூட. போன மாதம் அங்கே எட்டிப் பார்த்தபோது கேட்டார்: "வதனி அக்கா, சீடியே இல்லாத காலத்திலை கவர் எதுக்கு? போனிலை ஒரு சின்னச் சதுரம். விரலாலை தள்ளினா அது போயிடும். நீங்கள் என்னத்துக்கு அந்தளவு மினக்கெட்டனீங்கள் எண்டு ஒருக்கா எழுதித் தாங்கோவன்."

மினக்கெட்டது உண்மை. ஏன் என்று கேட்டால் விதிமுறைகளாகச் சொல்ல எனக்குத் தெரியாது. நடந்தவற்றைத்தான் சொல்லலாம்.

நான் தொழில் பழகியது ஈய எழுத்துக் கோத்து. பிறகு யுத்தத்தில் இடம்பெயர்ந்ததில் எழுத்தும் போயிற்று, அச்சகமும் போயிற்று. சண்டை முடிந்து வவுனியாவில் இருந்த காலத்தில் ஒரு பயிற்சி வகுப்பில் கணினியில் தட்டெழுதப் பழகினேன். படங்களை வெட்டவும் ஒட்டவும் அங்கேதான் தெரிந்துகொண்டேன். ஊருக்குத் திரும்பியபோது கிளிநொச்சியில் தவராசா அண்ணை தகரக் கூரைக்குக் கீழே அச்சகம் போட்டிருந்தார். "கொம்பியூட்டர் தெரியுமோ?" என்றார். "ஓரளவுக்கு" என்றேன். "எனக்கு அதுவும் தெரியாது. வாங்கோ" என்றார். என் நேர்முகப் பரீட்சை அவ்வளவுதான்.

தவராசா அண்ணை உயரமான மனிதர். அச்சகத்தில் அவர் கதிரையில் அமர்ந்து நான் கண்டதில்லை. நின்றுகொண்டே சாப்பிடுவார், நின்றுகொண்டே சண்டை பிடிப்பார். மாதிரி அச்சு எடுத்துக் கொடுத்தால் கையில் வைத்துப் பார்க்கமாட்டார். அதைக் கொண்டுபோய் வீதிக்கு அந்தப் பக்கம் உள்ள மதிலில் ஒட்டிவிட்டு, இங்கே பஸ் தரிப்பிடத்தில் வந்து நிற்பார். யாழ்ப்பாணம் போகும் பஸ் ஒன்று இடையில் போகும்வரை காத்திருப்பார். பஸ்ஸில் இருப்பவருக்கு எவ்வளவு நேரம் கிடைக்குமோ அவ்வளவு நேரம்தான் அவர் அதைப் பார்ப்பார். பிறகு வந்து ஒரே சொல் சொல்லுவார். "தெரியேல்லை" என்றால் நான் முதலிலிருந்து தொடங்கவேண்டும். "போகட்டும்" என்றால் அச்சுக்குப் போகலாம். "நல்லாயிருக்கு" என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்கவே இல்லை.

பாட்டுக்காரர்களிடம் அவருக்கு இன்னொரு வழக்கம் இருந்தது. யார் சீடி அட்டை செய்ய வந்தாலும், பாட்டைப் பாடிக் காட்டச் சொல்லுவார். இயந்திரத்தை நிற்பாட்டச் சொல்லிவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கேட்பார். கூச்சப்பட்டு ஓடப் பார்த்தவர்களும் உண்டு. "பாட்டுக் கேளாமல் கலர் போடேலாது" என்பார். அதில் உண்மை எவ்வளவு, பொழுதுபோக்கு எவ்வளவு என்று எனக்கு இன்றும் தெரியாது.

எங்களிடம் வந்தவர்கள் பெரிய நிறுவனங்களைப் பின்னால் வைத்திருந்த பாடகர்கள் இல்லை. கோயில் திருவிழாவுக்குப் பாட்டு வெளியிடும் நிர்வாகசபை, காதல் பாட்டுப் பாடும் தச்சுத் தொழிலாளி, வேகமாகச் சொற்களை அடுக்கிப் பாடும் இளம் பெடியள். அவரவர் கைக்காசைப் போட்டுச் செய்த பாட்டுகள். ஆனாலும் ஒவ்வொரு வகைக்கும் எழுதாத சட்டம் இருந்தது. கோயில் பாட்டென்றால் சாமி மேலே நடுவில், பின்னால் கோபுரம், பாடியவர்கள் கீழே சின்ன வட்டங்களுக்குள். வேகப் பாட்டுக்காரர் சுவரைப் பார்த்து முதுகு காட்டுவார். காதல் பாட்டென்றால் ஒரு பெண்ணின் முகம் வேண்டும், ஆனால் அது ஊர்ப் பெண்ணாக இருக்கக்கூடாது. பின்னட்டையில் பாடல் வரிசை, அதற்குக் கீழே வெளிநாட்டு அனுசரணையாளர்கள் கோட் போட்டுக்கொண்டு நிற்பார்கள். பெரும்பாலான அட்டைகளில் ஒரு நீர்வீழ்ச்சியும் இருக்கும். வன்னியில் நீர்வீழ்ச்சி எங்கே இருக்கிறது என்று கேட்டால் வாடிக்கையாளர்கள் கோபிப்பார்கள்.

மாங்குளத்திலிருந்து ஒரு தம்பி காதல் பாட்டோடு வந்தார். இணையத்தில் எடுத்த ஒரு பெண்ணின் முகத்தை அவரே கொண்டுவந்திருந்தார். அவர் கேட்டபடியே செய்து கொடுத்தோம். சந்தியில் அவருடைய சுவரொட்டிக்குப் பக்கத்திலேயே மூட்டுவலி எண்ணெய் விளம்பரம் ஒன்று வந்து ஒட்டிக்கொண்டது. அதிலும் அதே பெண், முழங்காலைப் பிடித்துக்கொண்டு. ஊர் முழுக்கச் சிரித்தது. தம்பி அடுத்த பஸ்ஸில் அழாத குறையாக வந்து நின்றார். தவராசா அண்ணை சிரிக்கவில்லை. "உம்மட பாட்டு ஆரைப் பற்றினது?" என்று கேட்டார். தம்பி நிலத்தைப் பார்த்தார். "அப்ப அவவின்ர கையை மட்டும் படம் எடுத்துக் கொண்டுவாரும்" என்றார் அண்ணை. அப்படியே ஒரு கையைப் படம்பிடித்து வந்து இரண்டாம் தரம் அச்சிட்டோம். அந்தக் கையைப் பெண்ணின் தாய் சந்தியில் நின்று அடையாளம் கண்டுவிட்டார். சண்டையில் தொடங்கிக் கலியாணத்தில் முடிந்தது. அந்தக் கலியாண அழைப்பிதழும் எங்களிடம்தான் அச்சிட்டார்கள். அதற்குப் பிறகு இணையத்து முகம் என்றாலே எனக்கு மனம் பதறும்.

ஆனால் அட்டைகளும் வெளியீட்டு விழாச் சுவரொட்டிகளும் மட்டும் ஓர் அச்சகத்தை நடத்தப் போதாது. எங்கள் இயந்திரம் அதிகம் அடித்தவை கண்ணீர் அஞ்சலிகள். அதற்கும் சட்டம் உண்டு. நடுவில் பெரிய முகம். இடப்பக்கம் மலர்வு என்று பிறந்த திகதி, வலப்பக்கம் உதிர்வு என்று இறந்த திகதி. மேலே முகில், கீழே ஒரு விளக்கு. காலையில் ஒருவரை அழுதபடி அனுப்பிவிட்டு, மத்தியானம் இன்னொருவருக்குக் கிற்றார் படம் தேடுவேன். இரண்டும் ஒரே மதிலில்தான் ஒட்டப்படும். அதனால் ஒன்றை மற்றதாக யாரும் எண்ணிவிடக்கூடாது என்ற பயம் எனக்கு எப்போதும் இருந்தது. அதற்குத் தவராசா அண்ணை ஒரு வழி சொல்லித் தந்திருந்தார். "செத்தவர் எங்களைப் பாக்கவேணும். பாட்டுக்காரர் வேறை எங்கையாவது பாக்கவேணும்." அதனால் பாடகர்கள் எல்லாரையும் பக்கவாட்டில் திருப்பிவிடுவேன். இந்த வேறுபாடு ஓர் ஆளிடம் மட்டும் செல்லாமல் போனது.

தர்மபுரத்திலிருந்து கலா என்ற பெண் வந்தார். ஆடைத் தொழிற்சாலையில் தைப்பவர். கூடவே தகப்பன், மருதமுத்து. அவருடைய தாய் தகப்பன் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கலவரத்தில் அடிபட்டு வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறியவர்கள். மருதமுத்து உழவு இயந்திரம் ஓட்டினார். கலியாண வீடுகளில் இசைக்குழுவோடு பாடினார். காலம் முழுக்க மற்றவர்களின் படப் பாட்டுகள். பாடுபவரின் பெயரை ஒலிவாங்கியில் யாரும் சொன்னதில்லை, "அடுத்த பாடல்" என்றுதான் அறிவிப்பார்கள். அவர் தானாகக் கட்டிய பாட்டுகள் கொஞ்சம் இருந்தன. சிறுநீரகம் பழுதாகி வைத்தியசாலைக்கும் வீட்டுக்குமாக அலையத் தொடங்கிய பிறகு, கலாதான் அவரை ஒலிப்பதிவுக் கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போயிருக்கிறார்.

"பாடிக் காட்டுங்கோ" என்றார் தவராசா அண்ணை.

"இங்கயா? மிசினு முன்னாடியா?" என்று சிரித்தார் மருதமுத்து. இயந்திரம் நின்றது. அவர் பாடினார். வாய்க்காலில் தண்ணீர் வரும் வரும் என்று கதிரை போட்டுக் காத்திருக்கும் ஒரு வயல்காரனைக் கேலி செய்யும் பாட்டு. உடம்பு வற்றியிருந்தது. குரல் வற்றவில்லை. மை பூசிக்கொண்டிருந்த தொழிலாளி வாய்விட்டுச் சிரித்தார். அண்ணை மட்டும் கைகளைப் பின்னால் கட்டியபடி அசையாமல் நின்றார்.

அட்டையை நான் வழக்கப்படி செய்தேன். பக்கவாட்டு முகம், ஒலிவாங்கி, அவர் வாழ்நாளில் தொடாத கிற்றார், கலா விரும்பிக் கேட்ட நீர்வீழ்ச்சி. லண்டனிலிருந்த அனுசரணையாளர் தன் படம் முன்னட்டையில் வரவேண்டும் என்று சொல்லியனுப்பியிருந்தார். ஒவ்வொன்றுக்கும் இடம் விட, மருதமுத்து அண்ணன் வலது பக்க மூலைக்குப் போனார். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஆனால் கேட்டவை எல்லாம் அதில் இருந்தன.

அந்த நாட்களில் ரவி தனியாக வந்தார். கலாவின் கணவர், மேசன் வேலை செய்பவர். வந்தவர் சொல்லவந்ததைச் சொல்லாமல் நாட்காட்டிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில் மெல்லிய குரலில், மாமாவுக்கு அஞ்சலிச் சுவரொட்டி ஒன்று முன்கூட்டியே செய்துவைக்க முடியுமா என்று கேட்டார்.

தவராசா அண்ணைக்கு முகம் சிவந்துவிட்டது. "உயிரோடை இருக்கிற மனுசனுக்கோ? உந்த வேலை இஞ்சை செய்யிறேல்லை."

ரவி போகவில்லை. "அண்ணை, என்ர அப்பா செத்தபோது வெள்ளம். ஒரு படமும் மிஞ்சேல்லை. அடையாள அட்டையிலை இருந்த முகத்தைத்தான் பெருப்பிச்சுப் போட்டம். கண்ணே தெரியேல்லை. வந்த சனம் ஆரின்ர செத்தவீடு எண்டு கேட்டுது. மாமாவுக்கு அப்பிடி ஆகக்கூடாது. டொக்டர் எங்களிட்டை சொல்லிப்போட்டார்."

அண்ணை வெளியே போய்ப் பஸ் தரிப்பிடத்தில் கொஞ்ச நேரம் நின்றார். திரும்பி வந்து என்னிடம், "செய்துவையுங்கோ. உதிர்வுப் பக்கத்தை வெறுமையா விடுங்கோ" என்றார்.

நான் செய்தேன். மருதமுத்து அண்ணனைப் படம் எடுத்த அன்று தற்செயலாக நேரே பார்த்த படம் ஒன்று இருந்தது. அதை நடுவில் வைத்தேன். பிறந்த திகதியை அடித்துவிட்டு வலப்பக்கத்துக்கு வந்தபோது கை ஓடவில்லை. எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். திரும்பி வந்து இருந்தேன். மறுபடி எழும்பினேன். அன்று முழுக்க அப்படித்தான் போனது. அந்த மாதிரியை வெளி மதிலில் ஒட்ட முடியாதென்பதால் அண்ணை பின்புறச் சுவரில், தண்ணீர்க் குடத்துக்கு மேலே ஒட்டிவிட்டுத் தூர நின்று பார்த்தார். கழற்றாமல் அப்படியே விட்டுவிட்டுப் போனார்.

அடுத்த நாள் முற்பகல் மருதமுத்து அண்ணன் சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினார். வைத்தியசாலைக்கு வந்த இடத்தில் அட்டையைப் பார்த்துவிட்டுப் போகலாமென்று எண்ணம். வெயிலில் நடந்துவந்த மனிதர், "தங்கச்சி, தண்ணி" என்றபடி நேரே குடத்தடிக்குப் போய்விட்டார். நான் எழும்பி ஓடினேன். அவர் ஏற்கெனவே பார்த்துவிட்டார்.

கையில் செம்போடு நின்று எழுத்துக் கூட்டி வாசித்தார். தன் பெயர், தான் பிறந்த திகதி, வலப்பக்கத்து வெறுமை. "அண்ணன், அது..." என்று தொடங்கினேன்.

"யாரு, ரவி குடுத்தானா?" என்று கேட்டார். என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டு, "நல்ல பய" என்றார். தண்ணீரைக் குடித்து முடித்தார். "சரி, அந்த அட்டையக் காட்டு."

கணினியில் காட்டினேன். நீர்வீழ்ச்சியைப் பார்த்தார், கிற்றாரைப் பார்த்தார், லண்டன்காரரைப் பார்த்தார். தன்னைக் கண்டுபிடிக்கச் சற்று நேரம் எடுத்தது. பிறகு திரும்பிக் குடத்தடிச் சுவரைப் பார்த்தார்.

"இதுல நான் ஒரு மூலையில கெடக்கேன். அதுல நடுவுல இருக்கேன். ஏன் தங்கச்சி, செத்தாத்தான் மனுசன நடுவுல போடுவீங்களா?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அதுதான் என்னை உலுப்பியது.

"அந்தப் படத்தையே அட்டையில போடு. பக்கத்துல வேற ஒண்ணும் வேணாம். பேரப் பெருசாப் போடு" என்றார்.

பின்னேரம் வேலை முடிந்து தகப்பனைக் கூட்டிப்போகக் கலா வந்தார். விசயம் தெரிந்ததும் அவருக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன. முதலில் கணவர் மேல், பிறகு எங்கள் மேல். "அந்தப் படத்தைப் போட்டா சனம் என்னெண்டு நினைக்கும்? மனுசன் போயிட்டார் எண்டுதான் நினைக்கும். அப்பா இருக்கேக்குள்ளை ஆக்கள் கேக்கவேணும் எண்டுதானே நான் இவ்வளவும் செய்யிறன்!"

அவர் சொன்னதும் சரிதான். நேரே பார்க்கும் முகம், சுற்றிலும் வெறுமை, பெரிய பெயர். எங்கள் வீதிகளில் அதற்கு ஒரே பொருள்தான். தகப்பன் நடுவில் வரவேண்டும் என்கிறார். மகள் தகப்பன் உயிரோடு தெரியவேண்டும் என்கிறார். இரண்டையும் ஒரு சதுரத்துக்குள் எப்படிக் கொண்டுவருவது? நிறத்தை மாற்றினேன், எழுத்தைச் சரித்தேன், சட்டையை வெள்ளையிலிருந்து நீலமாக்கினேன். எதைச் செய்தாலும் அஞ்சலிதான் திரும்பத் திரும்ப வந்தது. வைத்தியசாலைப் பக்கத்திலிருந்து முச்சக்கரவண்டி வந்தாலே, யாரோ செய்தி கொண்டுவருகிறார்கள் என்று எழும்பி வாசலுக்கு ஓடினேன்.

கடைசியில் தவராசா அண்ணை அவர்களைத் திரும்பவும் அழைத்தார். முற்றத்தில், நல்ல வெளிச்சத்தில் மருதமுத்து அண்ணனை நிற்க வைத்தார். படப்பெட்டியை என் கையில் தந்தார்.

"அந்த வாய்க்கால் பாட்டைப் பாடுங்கோ. பிள்ளையைப் பாத்துப் பாடுங்கோ" என்று என்னைக் காட்டினார்.

அவர் பாடத் தொடங்கினார். முதலில் படத்துக்காகப் பாடினார். இரண்டாவது அடியில் என்னை மறந்துவிட்டார். உச்சத்துக்குப் போகும் இடத்தில் கண் விரிந்து, கழுத்து நரம்பு புடைத்து, வெற்றிலைக் கறைப் பற்கள் எல்லாம் தெரிய வாய் அகலத் திறந்தது. அழுத்தினேன்.

படத்தைப் பார்த்ததும் அண்ணை, "வாய் திறந்த படத்தை ஒருத்தரும் அஞ்சலிக்குப் போடுறேல்லை" என்றார்.

பாட்டு அட்டைக்கும் யாரும் அப்படிப் போடுவதில்லை. பாடகர்கள் உதட்டை அழகாக வைத்துக்கொண்டுதான் படத்துக்கு நிற்பார்கள். கலா படத்தை வாங்கி நெடுநேரம் பார்த்தார். "அப்பான்ர பல்லு" என்று சொல்லிச் சிரித்தார். அந்த முகம் ஒன்றுதான் முன்னட்டை. கீழே பெரிய எழுத்தில், தர்மபுரம் மருதமுத்து. லண்டன்காரர் பின்னட்டைக்குப் போனார், கொஞ்ச நாள் மனத்தாங்கலோடு இருந்தார். நீர்வீழ்ச்சியை அழித்தபோது எனக்கு உடம்பே இலேசானது.

விழாச் சுவரொட்டியும் அதே படம். அண்ணை மதிலில் ஒட்டினார், பஸ் போகும்வரை நின்றார், "போகட்டும்" என்றார்.

அப்படியும் ஒருவர் ஏமாந்தார். விசுவமடுவில் இருந்த பழைய இசைக்குழுக் கூட்டாளி, கீபோர்ட் வாசிப்பவர், ஓடும் பஸ்ஸிலிருந்து நண்பனின் முகத்தைக் கண்டு பெயரை மட்டும் வாசித்திருக்கிறார். இறங்கி, மாலை வாங்கி, தலையில் அடித்துக்கொண்டு தர்மபுரத்துக்குப் போயிருக்கிறார். முற்றத்தில் மருதமுத்து அண்ணன் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். "வந்தது வந்துட்ட, விழாவுல வாசிச்சிட்டுப் போ" என்றாராம். அந்த மாலையை விழாவில் மருதமுத்து அண்ணனுக்கே போட்டார்கள்.

பொதுமண்டபம் நிறைந்தது என்று சொல்லமாட்டேன். கதிரைகள் மிஞ்சியிருந்தன. ஆனால் வந்த சனம் எழும்பிப் போகவில்லை. மருதமுத்து அண்ணன் கதிரையில் இருந்தபடியே பாடினார், பாட்டுக்குப் பாட்டு ஓய்வெடுத்துக்கொண்டு. அறிவிப்பாளர் அவருடைய பெயரை ஒவ்வொரு பாட்டுக்கு முன்னும் சொன்னார். சொல்லும்போதெல்லாம் அவர், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்பதுபோல் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

அந்த மாரிமழைக் காலம் முடியுமுன் அவர் காலமானார். ரவி வந்தார். வெறுமையாக விட்ட இடத்தை நான் நிரப்பினேன். செத்தவீட்டுப் படலைக் கதவில் அஞ்சலியை ரவி ஒட்டினார், அதற்குப் பக்கத்தில் விழாச் சுவரொட்டியைக் கலா கட்டினார். வந்தவர்கள் இரண்டுக்கும் முன்னால் நின்றுவிட்டு உள்ளே போனார்கள்.

தவராசா அண்ணை பிறகு அச்சகத்தை மருமகனிடம் கொடுத்துவிட்டு வவுனியாவுக்குப் போய்விட்டார். சீடி என்ற இறுவட்டு மெல்ல மெல்ல இல்லாமலாயிற்று. வீட்டில் அதைப் போட்டுக் கேட்கும் பெட்டியும் இப்போது யாரிடமும் இல்லை. நிலானி கேட்பதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் அண்மையில் கலா என் கைபேசிக்கு ஓர் இணைப்பு அனுப்பினார். யாரோ வாய்க்கால் பாட்டை ஏற்றியிருந்தார்கள். நிறையப் பேர் கேட்டிருந்தார்கள். சதுரத்தில் இருந்தது கணினி தானாக வரைந்த ஓர் இளைஞன். பளபளத்த முகம், கையில் கிற்றார், பின்னால் நீர்வீழ்ச்சி. பெயர் இல்லை.

"பாட்டு எல்லா இடமும் போகுது அக்கா" என்றார் கலா. "ஆனா ஆரோ ஒருத்தன் பாடுற மாதிரிக் கிடக்கு. எனக்கு ஒரு மாதிரி இருக்கு."

இரண்டு நாள் நிலைகொள்ளாமல் திரிந்து, ஏற்றியவரைத் தேடிப் பிடித்தேன். வவுனியாவில் ஒரு தம்பி, மரியாதையான பிள்ளை. "வயசான முகம் போட்டா ஒருத்தரும் விரலாலை அமத்திக் கேக்கமாட்டினம் அம்மா" என்றார். "எனக்கு அவர் ஆரெண்டும் தெரியாது. பாட்டு நல்லாயிருந்துது, போட்டன்."

"நான் ஒரு படம் அனுப்புறன். அதைப் போட்டுப் பாருங்கோ. ஒருத்தரும் அமத்தாட்டி உங்கட படத்தையே திரும்பப் போடுங்கோ" என்றேன்.

அவர் மாற்றினார், பெயரையும் சேர்த்தார். அதன்பிறகு எனக்கு வேறு வேலை ஓடவில்லை. அடுப்பில் சோறு கொதிக்கும்போதும் கைபேசியைத் திறந்து பார்த்தேன். கேட்பவர்கள் கூடவில்லை, குறையவுமில்லை. அந்தத் தம்பி திரும்ப மாற்றிவிடுவாரோ என்று பயந்துகொண்டே இருந்தேன். ஒருநாள் பாட்டுக்குக் கீழே முல்லைத்தீவுப் பெண் ஒருவர் எழுதியிருந்தார்.

"எங்கட கலியாண வீட்டிலை பாடின மனுசன் இவர்தான். விடிய வெள்ளன சாப்பிடாமல் போகப் பாத்தார், நான்தான் மறிச்சுச் சோறு போட்டனான். இவ்வளவு காலமும் பேர் தெரியாது. இண்டைக்குத்தான் பாத்தன்."

கொஞ்ச நேரத்தில் அதற்குக் கீழே கலா பதில் எழுதினார்.

"என்ர அப்பா."